இரண்டு பங்குச் சுமை

மூக்காயி அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். சுடாத பச்சைச் செங்கல் காய்கிற களத்துக்கும் சூளைக்கும் நடுவில் நான் ஒரு முக்காலியை நட்டு, அதன் உச்சியில் கருப்பு உருண்டை ஒன்றை மாட்டியிருந்தேன். காற்று, ஈரம், வெயில் எல்லாம் சேர்ந்து ஓர் உடம்பை எவ்வளவு வாட்டும் என்று அளக்க உதவும் கருவி அது. தலையில் பத்துக் கல்லோடு வந்தவருக்கு வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"எந்தப் புண்ணியவான்யா நடுவழியில திருஷ்டி உருண்டைய நட்டு வச்சது? எடுத்து அங்கிட்டு வைங்க!"

எடுத்து அங்கிட்டு வைத்தேன். அந்தச் சூளையில் அவர் சொல்லி யாரும் கேட்காமல் இருந்ததில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். சூளைக்காரர் ஒருவர்தான் விதிவிலக்கு. இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

என் பெயர் ஜெபக்குமார். புதுக்கோட்டை டவுன்காரன். பள்ளியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் மூன்றாவதாக வந்தவன். மூன்றாவதாக வருகிறவனை எந்த ஊரிலும் மாலை போட்டு வரவேற்பதில்லை. ஆகவே ஓடுவதை விட்டுவிட்டு, ஓடுகிறவன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று படித்தேன். படித்து முடித்ததும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. வெயிலும் வேலையும் சேர்ந்து நெருக்கும்போது மனித உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. முதல் ஒரு வருடம் ஏசி அறையில் கல்லூரிப் பையன்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தோம். பிறகு எங்கள் பேராசிரியைக்கே அது அலுத்துவிட்டது. "நிஜமா வெயில்ல உழைக்கிற ஆட்களைப் பார்க்காம என்ன ஆய்வு இது?" என்று ஒருநாள் கோபமாகக் கேட்டார். அவரிடம் எனக்குப் பிடித்த குணமே அந்தக் கோபம்தான்.

அப்படித்தான் மாசி மாதத்தில், திருவரங்குளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற அந்தச் செங்கல் சூளைக்கு வந்து சேர்ந்தோம்.

மூக்காயி அக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. எடை நாற்பத்து நான்கு கிலோ. தலையில் ஒரு நடைக்கு ஏறுகிற பத்துப் பச்சைக்கல் ஏறக்குறைய முப்பது கிலோ. பதினேழு வயதில் கல்யாணம், இருபத்திரண்டு வயதில் சூளை. கணவருக்குக் கரும்பு வெட்டப் போன இடத்தில் முதுகு போய்விட்டது. மகன் வெற்றிசெல்வன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சுற்றுவட்டாரத்தில் அக்கா தலையில் ஏறாத செங்கல்லால் கட்டிய வீடு குறைவு. அவருடைய வீட்டை மட்டும் சிமெண்டுக் கல்லில் கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "அது திட்டத்துல வந்த வீடு தம்பி. நம்மகிட்டயா கேட்டுக் கட்டுனாங்க?" என்றார்.

எட்டுப் பெண்கள் சேர்ந்தது ஒரு செட்டு. களத்தில் காய்ந்த கல்லைச் சூளைக்குள் கொண்டுபோய் அடுக்குகிறவர் கையில் கொடுப்பது அவர்கள் வேலை. ஆளுக்கு இத்தனை என்று தனிக்கணக்கு கிடையாது. சாயங்காலத்துக்குள் எத்தனை கல் போக வேண்டும் என்பது செட்டுக்கே பொதுக்கணக்கு. அந்தச் செட்டுக்கு மூக்காயி அக்காதான் தலை.

போன வருடம் வைகாசியில் அந்தச் செட்டில் ஒருத்தி செத்துப்போனாள். பெயர் ஞானமணி. முப்பத்து நான்கு வயது. மதியம் ஒன்றரை மணிக்குத் தலையில் கல்லோடு சரிந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் நின்றுவிட்டதாகக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இதயம் நிற்காமல் இதுவரை யார் செத்திருக்கிறார்கள்? எதனால் நின்றது என்று யாரும் எழுதவில்லை. சூளைக்காரர் மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "அந்தப் புள்ளைக்கு ஏற்கனவே நெஞ்சுல சீக்கு இருந்திருக்குங்க" என்று சொல்லி வைத்தார். இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. உயிரோடு இருந்தவரை அவளை எந்த டாக்டரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மூக்காயி அக்கா சூளைக்காரரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோடைக் காலத்தில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வேலையை நிறுத்த வேண்டும். உட்கார ஒரு நிழல் வேண்டும், ஒதுங்க ஒரு கக்கூஸ் வேண்டும். கக்கூஸ் இல்லாததால் அந்தப் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. இன்னொருத்தி சாவதற்குள் இதெல்லாம் நடக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. சூளைக்காரர் ஒவ்வொரு தடவையும், "அவ வெயில்னாலதான் செத்தான்னு எவனாச்சும் காகிதத்துல எழுதிக் குடுக்கட்டும், செய்றேன்" என்று தட்டிக்கழித்தார். நாங்கள் போய் அனுமதி கேட்டபோது அவர் உடனே சரி என்றதற்குக் காரணமும் அதுதான். படித்தவர்கள் வந்து அளந்து, எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டால் அவருக்கு நிம்மதி.

மூக்காயி அக்கா முதல் நாளே என்னை ஓரமாகக் கூப்பிட்டு நேராகக் கேட்டார்.

"தம்பி, ஒங்க மிஷினு செத்தவளுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுமா?"

"சொல்லாதுக்கா. உயிரோட இருக்கவங்களுக்கு என்ன ஆகுதுன்னு சொல்லும்."

"சரி. அதையாச்சும் சொல்லச் சொல்லுங்க."

எங்களிடம் இரண்டு பெல்ட்டுகள் இருந்தன. மார்புக்குக் கீழே கட்டிக்கொண்டால் நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று காட்டும். அதோடு ஒரு மாத்திரை. முந்தின ராத்திரி விழுங்கினால் அது குடலுக்குள் இருந்துகொண்டு உடம்பின் உள்சூட்டை வெளியில் இருக்கும் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இதை விளக்கிச் சொன்னபோது செட்டிலேயே இளையவளான பிரகதீஸ்வரி, "அப்பறம் அத எப்படி சார் ஒங்களுக்குத் திருப்பிக் குடுக்கிறது?" என்று கேட்டாள். திருப்பித் தர வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எட்டுப் பேரும் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். என் காது மடல் சூடானதை அளக்க அங்கே கருவி இல்லை.

ஒருநாளைக்கு இரண்டு பேர் என்று, ஒவ்வொருவருக்கும் மூன்று நாள் வருகிற மாதிரி மாற்றி மாற்றிப் பெல்ட் கட்டினோம். பெல்ட் கட்டாதவர்கள் உட்பட எட்டுப் பேரையும் காலையிலும் சாயங்காலமும் எடை பார்த்தோம். பன்னிரண்டு நாளில் வேலை முடிந்தது.

ஆரோக்கியமான உடம்பின் உள்சூடு முப்பத்தேழு டிகிரியை ஒட்டி இருக்கும். முப்பத்தெட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். முப்பத்தொன்பதைத் தொட்டால் வேலையை நிறுத்தியே ஆக வேண்டும். எங்கள் பெட்டியில் சேர்ந்திருந்த எண்களை எல்லாம் கூட்டிச் சராசரி பார்த்தால் முப்பத்தேழரைக்குக் கொஞ்சம் மேலே வந்தது. நெஞ்சுத் துடிப்பு நூற்றுப் பத்து, நூற்றுப் பன்னிரண்டு. கோவிலைச் சுற்றி வேகமாக நடந்தாலே அவ்வளவு வரும். பேராசிரியைக்கே ஆச்சரியம். பழகிய உடம்புகள், வெயிலைத் தாங்கக் கற்றுக்கொண்டுவிட்டன போலிருக்கிறது என்றார். சூளைக்காரரிடமும் பெண்களிடமும் முதற்கட்ட முடிவை ஒளிக்காமல் சொன்னோம். சூளைக்காரர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"நான்தான் சொன்னேன்ல மேடம்? இதுங்க உடம்பெல்லாம் இரும்பு. அந்தப் புள்ளைக்குத்தான் ஏற்கனவே சீக்கு."

மூக்காயி அக்கா சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "அப்ப அவளுக்கு சீக்குதானா தம்பி?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். கேட்கும்போது அவர் முகத்தில் ஏமாற்றத்தோடு இன்னொன்றும் கலந்திருந்தது. கிட்டத்தட்ட நிம்மதி மாதிரி. மதிய ஓய்வு கிடைக்காமல் போன நேரத்தில் நிம்மதி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

பெட்டிகளைத் திருப்பி அனுப்புவதற்கு முந்தின நாள் எடைக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வேர்வையாகப் போன தண்ணீர் எவ்வளவு என்று அது காட்டிவிடும். அதில் ஓர் எண் உறுத்தியது. மூக்காயி அக்கா பெல்ட் கட்டிய நாட்களில் சாயங்காலத்துக்குள் எழுநூறு கிராம் குறைந்திருந்தார். கட்டாத நாட்களில் இரண்டு கிலோ. அடுத்தவரைப் பார்த்தேன், அதே கதை. எட்டுப் பேருக்கும் அப்படியே. பெல்ட் கட்டிய அன்று மட்டும் எல்லாரும் குளிர்காலத்தில் வேலை செய்திருக்கிறார்கள்! பன்னிரண்டு நாளும் பெட்டியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்த நான், அந்தப் பெண்களை ஒரு மணி நேரமாவது பார்த்தேனா? என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் சும்மா ஒரு பெல்ட்டைப் பிரகதீஸ்வரிக்குக் கட்டிவிட்டு, திரையை மூடிவைத்துவிட்டுக் களத்து ஓரத்தில் உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் விளங்கிவிட்டது. மற்றவர்கள் தலையில் பத்துக் கல், பன்னிரண்டு கல். பெல்ட் கட்டியவள் தலையில் நான்கு. அவள் பத்து ஏற்றிக்கொண்டு கிளம்பினாலும் வழியில் எதிரே வருகிறவள் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு, மூன்றாக எடுத்துத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டாள். பதினொரு மணிக்கு மேல் பிரகதீஸ்வரி கல்லை மூடுகிற வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிழலில் நின்றாள்.

"என்னக்கா இது?" என்று மூக்காயி அக்காவிடம் கேட்டேன்.

"எது தம்பி?"

"பெல்ட் கட்டுனவங்க கல்லை ஏன் நீங்க எல்லாரும் எடுத்துக்கறீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்பது போல. "ஆசுபத்திரி மிஷின கட்டிக்கிட்டு, வகுத்துக்குள்ள மாத்திரையோட ஒருத்தி நிக்கிறா. அவ தலையில பாரத்த ஏத்தலாமா? பாவமில்ல?"

பங்கு தாங்குவது என்று அதற்குப் பெயர். செட்டில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். இருந்தால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அவள் சூளைக்கு வந்து வைக்கோல் பிரிப்பாள், கல் எண்ணுவாள். அவள் சுமக்க வேண்டிய பங்கை மற்ற ஏழு பேர் வாய் திறக்காமல் தாங்கிக்கொள்வார்கள். அவளுக்கு மிக நெருங்கியவள் அதிகமாக எடுத்துக்கொள்வாள். பிள்ளை வயிற்றில் இருக்கிறபோது, வீட்டில் சாவு விழுந்த மறுநாள், காய்ச்சலில் எல்லாம் இருபத்தாறு வருடமாக அப்படித்தான். எங்கள் பெல்ட்டையும் அவர்கள் ஒரு நோயாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, பன்னிரண்டு நாளும் சுமை எங்கே இல்லையோ அங்கேதான் எங்கள் கருவி இருந்திருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். வார்த்தையை நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னேன். நீங்கள் காட்டிய இரக்கத்தால்தான் எண் குறைவாக வந்தது, அந்த எண்ணை வைத்துத்தான் சூளைக்காரர் வெயிலால் ஒன்றும் ஆகவில்லை என்கிறார், அது பொய்க்கணக்கு என்றேன்.

மூக்காயி அக்கா தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறினார். பிறகு காய்ந்த கல் வரிசையின் நிழலில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார்.

"அப்ப அவளுக்கு சீக்கு இல்ல."

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுக்கா. ஆனா வெயில் காரணமில்லன்னு இனிமே சொல்ல முடியாது."

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்றேன் தம்பி. செட்டுல இருக்கவளுகளுக்குத் தெரியும். வாய்விட்டு எவளும் பேச மாட்டாளுக. அன்னைக்கு எனக்கு மூணு நாளாக் காச்ச. எந்திரிச்சு நிக்க முடியல. இருந்தும் வந்தேன். என் பங்க பிரிச்சுக்குவோம்னு எல்லாருந்தான் சொன்னாளுக. ஞானமணி ஒருத்தியையும் தொட விடல. 'எங்கக்கா பங்கு எனக்கு'ன்னு மொத்தத்தையும் எடுத்துக்கிட்டா. அவ பங்கு, எம் பங்கு, ரெண்டும் அவ தலையில. நான் அந்தா, அந்தக் கல்லு வரிச நெழல்ல ஒக்காந்து கல்லு எண்ணிக்கிட்டிருந்தேன். மத்தியானம் நடை தள்ளாடுச்சு. வெளையாடுறான்னு நெனச்சேன். 'வெரசா வாடி'ன்னு நாந்தான் சத்தம் போட்டேன்."

முதற்கட்ட முடிவைச் சொன்ன அன்று அவர் முகத்தில் பார்த்த அந்த நிம்மதியின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஞானமணி நோயால் செத்தாள் என்றால் மதிய ஓய்வு கிடையாது, ஆனால் மூக்காயி அக்கா தப்பித்தார். வெயிலும் சுமையும் கொன்றன என்றால் ஓய்வு கிடைக்கும், ஆனால் அந்தச் சுமையில் பாதி இவருடையது. பத்து மாதமாக இவர் சூளைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது தனக்கு எதிரான சாட்சியைத் தேடித்தான். படித்த வாய், ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று திறந்தது.

"காய்ச்சலோட அந்தச் சுமைய நீங்க தூக்கியிருந்தா, செத்திருக்கறது நீங்களாத்தான் இருக்கும்க்கா."

"தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் தூக்கம் வரமாட்டேங்குது."

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "மறுபடி அளங்க தம்பி. எனக்குக் கட்டுங்க. என் பங்க நானே தூக்குறேன். எவளும் கிட்ட வரமாட்டா."

பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த வாரமே ஒரு டாக்டரையும் காரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முப்பத்தொன்பதைத் தொட்ட நொடியே நிறுத்த வேண்டும், அதில் பேச்சே கிடையாது என்று மூக்காயி அக்காவிடம் நிபந்தனை போட்டார். அக்கா ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டி எழுதத் தெரிந்தவர். மூ என்ற எழுத்தைப் போட மட்டும் கொஞ்சம் நேரமானது.

பங்குனி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் செட்டைக் கூட்டி வைத்து அவர் பேசியது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

"இன்னைக்கு எந்தலையில இருந்து ஒரு கல்ல எவளாச்சும் எடுத்தீங்க, அவ மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன். எனக்கு ஒண்ணும் சீக்கு இல்ல. எல்லா நாளும் போலத்தான் இன்னைக்கும். அவரவர் பங்கு அவரவருக்கு."

ஏழு பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் அன்றைக்குச் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்பது மணிக்கு உள்சூடு முப்பத்தேழரை. பதினொன்றுக்கு முப்பத்தெட்டைத் தாண்டியது. கருப்பு உருண்டை கொதித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்கு முப்பத்தெட்டரை, நெஞ்சுத் துடிப்பு நூற்றைம்பத்தெட்டு. நாற்பத்தெட்டு வயது இதயம் அதிகபட்சம் போகக்கூடிய தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கை அது தொட்டுவிட்டது. உடம்பைக் குளிரவைக்க ரத்தம் தோலுக்கு ஓட வேண்டும், சுமை தூக்க அதே ரத்தம் தசைக்கு ஓட வேண்டும். ஒரே குழாய், இரண்டு வீட்டுக்குத் தண்ணீர். தொட்டியில் தண்ணீரே குறைந்துவிட்டால் நெஞ்சு எவ்வளவு அடித்து என்ன பயன்? பாடப்புத்தகத்தில் இருக்கிற இந்த விஷயத்தை ஒரு மனுஷி நடந்து காட்டுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பிரகதீஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. எதிரே வந்தவள் பழக்கத்தில் கையை நீட்டி அக்கா தலையிலிருந்து இரண்டு கல்லை எடுத்துவிட்டாள்.

"வைடி!" என்று ஒரு சத்தம். களமே நின்றது. "வைடின்னா வைடி. நீயும் சாகணுமா?"

பிரகதீஸ்வரி அழுதுகொண்டே கல்லைத் திரும்ப அவர் தலையில் வைத்தாள். சூளைக்காரர் தன் அறை வாசலில் நின்று இதைப் பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்குப் பல் தெரியவில்லை.

ஒன்று பத்துக்கு எண் முப்பத்தொன்பதைத் தொட்டது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். அக்கா சூளையின் சரிவில் பத்துக் கல்லோடு ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் நான் யார் என்று தெரியாத பார்வை. பெண்கள் பாய்ந்து வந்து கல்லை இறக்கினார்கள். நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, விசிறி, டாக்டர் கொடுத்த தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்கவைத்தார்கள். இருபது நிமிடத்தில் எண் இறங்கத் தொடங்கியது. அரைநாளில் இரண்டு கிலோ குறைந்திருந்தார். தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீர் எந்த நிறத்தில் போகும் என்று எங்களிடம் எட்டு நிற அட்டை ஒன்று உண்டு. அவருடையது எட்டாவது, இருப்பதிலேயே அடர்ந்த நிறம். அதைக் கொடுக்க அவர் வெட்கப்பட்டார். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. நாங்கள் அவரைச் சோதித்தோம் என்று பிற்பாடு ஒருவர் கூட்டத்தில் குறை சொன்னார். நாங்கள் சோதிக்கவில்லை. அவருடைய வழக்கமான ஒரு செவ்வாய்க்கிழமையைப் பார்த்தோம், அதுவும் பாதிநாள்.

சாயங்காலம் தெளிந்து உட்கார்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஒரு பங்குக்கே எனக்கு இம்புட்டு. ரெண்டு பங்கு தூக்குனவளுக்கு எம்புட்டு இருந்திருக்கும் தம்பி?"

பேராசிரியை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒருவரின் எண்ணை வைத்து இன்னொருவரைப் பற்றிச் சொல்ல முடியாது என்பது எங்கள் விதி. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். "பொய் சொல்லாதீங்க" என்றார் அக்கா.

"இதைவிட அதிகமாத்தான் இருந்திருக்கும்க்கா" என்றேன்.

"எழுதுங்க. அவ எம் பங்கையும் சேத்துத்தான் தூக்குனான்னும் எழுதுங்க."

அதை எழுத எங்கள் அறிக்கையில் இடம் இல்லை. அதில் யாருக்கும் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். அளக்கப்படாத ஞானமணிக்கு அந்த எண்கூடக் கிடையாது. ஆனால் பேராசிரியை ஒரு பத்தி எழுதினார். இங்கே பெண்கள் முடியாதவர்களின் சுமையைத் தங்களுக்குள் தாங்கிக்கொள்கிறார்கள், ஆகவே உச்சி வெயிலில் ஆபத்து நோயாளிக்கு மட்டுமல்ல, அவளுக்காகச் சுமக்கிறவளுக்கும்தான் என்று. போன வருடம் அப்படி ஒரு மரணம் நடந்ததாகத் தொழிலாளர்களே சொல்கிறார்கள் என்றும் சேர்த்தார். மற்ற ஏழு பேரையும் அதே முறையில் அளந்து முடித்தபோது யாருடைய எண்ணும் அக்காவுடையதைவிடக் குறைவாக இல்லை.

சூளைக்காரர் சொன்ன சொல்லை முக்கால்வாசி காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டும். அன்று வாசலில் நின்று பார்த்தது அவரை ஏதோ செய்திருந்தது. சித்திரையிலிருந்து வேலை விடியலில் தொடங்கியது. பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை நிறுத்தம். தகரக் கொட்டகை வந்தது, மேலே ஓலை வேய்ந்து. கக்கூஸ் மட்டும் "அடுத்த மாசம்" என்கிற ஊரில் இருந்தது. பெண்கள் எங்களுக்குப் பனங்கற்கண்டு போட்ட பாயசம் வைத்துக் கொடுத்தார்கள். மூக்காயி அக்கா குடிக்கவில்லை. அறிக்கையின் தமிழ்ப் பிரதி ஒன்றை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க தம்பி. ஒரு எடத்துக்குப் போகணும்" என்றார்.

ஞானமணியின் கணவர் திருமுருகன் பக்கத்து ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வழி முழுக்க அக்கா என் பின்னால் அந்தக் காகிதத்தை மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். சவம் எடுத்த அன்றைக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் அவர் போனதே இல்லை என்பது எனக்குத் தெரியும். எதிரே திருமுருகன் ஆட்டோ வந்தால்கூட வேறு வழியில் திரும்பிவிடுவார் என்று பிரகதீஸ்வரி சொல்லியிருந்தாள்.

திருமுருகன் வாசலில் ஆட்டோ டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்கக்கா" என்றார். உள்ளே அவர்கள் மகள் கார்த்திகா சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தது கேட்டது.

அக்கா உட்காரவில்லை. காகிதத்தை நீட்டினார்.

"தம்பி, ஞானமணிக்குச் சீக்கு இருந்துச்சுன்னு யாரும் பாக்கல. வெயிலும் பாரமுந்தான் மனுசர இப்பிடி ஆக்குதுன்னு இதுல எழுதியிருக்காங்க. இந்த சாரு படிச்சுச் சொல்லுவாரு. ஆனா ஒண்ணு இதுல எழுதல. அத நாந்தான் சொல்லணும்." மூச்சு வாங்கினார். "அன்னைக்கு அவ தலையில இருந்தது அவ பங்கு மட்டும் இல்ல. எனக்குக் காச்ச. எம் பங்கையும் அவதான் தூக்குனா. எம் பாரத்தத் தூக்கித்தான் செத்தா."

திருமுருகன் கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்து நான் ஓர் எட்டு முன்னால் வந்தேன். அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டார். விரித்துப் பார்க்கவில்லை.

"தெரியும்க்கா" என்றார். "அன்னைக்குக் காலையில சொல்லிட்டுத்தான் போனா. 'அக்காவுக்கு முடியல, இன்னைக்கு ரெண்டு பங்கும் எனக்குத்தான், சாயங்காலம் வர நேரமாகும், சோத்த வடிச்சு வைங்க'ன்னு."

கழற்றிய டயரைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. எங்க அம்மா சாவுக்கு மறுநாளு அவ பங்க நீங்க தூக்குனீங்க. கார்த்திகா வகுத்துல இருந்தப்பவும் நீங்கதான். அதெல்லாம் எனக்கு மறக்கல." அவர் குரல் அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு உடைந்தது. "ஆனா நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பதினோரு மாசமா வாசலப் பாத்துக்கிட்டிருந்தேன்க்கா. அவளப் பத்திப் பேச எனக்கும் வேற யாரு இருக்கா?"

மூக்காயி அக்கா அந்த மண்ணிலேயே உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே பாடம் நின்றது. கார்த்திகா வாசலுக்கு வந்து, அழுவது யார் என்று பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.